நரையும் திரையும் குற்றங்களா?
இளமை வாணிகம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மூப்பினை வெல்லவேண்டும் என்ற வேட்கை மனித இனத்துக்குப் புதியதன்று. நரை, திரை, மூப்பு, சாக்காடு என்பவற்றை ஒரே தொடராக அடுக்கிக் கூறும் மரபு தமிழில் நெடுங்காலமாக வழங்கிவருகின்றது. சித்தர்கள் காயகற்ப முறைகளை வகுத்தனர். சுக்கிரரின் சாபத்தினால் அகாலத்தில் மூப்பெய்திய யயாதி மன்னன், தன் மைந்தரிடம் அவர்களது இளமையை இரந்து நின்றதை மகாபாரதத்தின் ஆதிபருவம் கூறுகின்றது. ஆகவே, இளமையை நீடிக்க விரும்புவோரைப் பார்த்து 'இது மேனாட்டு நாகரிகம் தந்த கேடு' என்று சொல்லி ஒதுக்கிவிடுதல் எளிதாயினும் பொருத்தமாகாது. வேட்கை பழையது, அதனைச் சூழ எழுந்துள்ள வாணிகமே புதியது. முன்னாளில் மூப்பு ஒரு துயரமாகக் கருதப்பட்டது. இன்றோ அது ஒரு குற்றமாக, உரிய கவனமெடுத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய ஒரு கவனக்குறைவாகக் கருதப்படும் நிலை தோன்றியுள்ளது. இம்மாற்றமே இக்கட்டுரையின் பொருளாகும்.

நம்முன் உள்ள வினாவைத் தெளிவாக வகுத்துக்கொள்ளுதல் நன்று. மூப்பின் அடையாளங்களை மறைக்க முயல்வது அறத்துக்கு மாறானதா? மாறானதெனின், அத்தவறு யாரைச் சாரும்? களிம்பை வாங்குபவரையா, விற்பவரையா, அன்றி அதனை வாங்காவிட்டால் வாழமுடியாது என்ற நிலையை உருவாக்கிய சமுதாயத்தையா?

இவ்வினாக்களை ஆராயுமுன், விஞ்ஞானம் இத்துறையில் உண்மையாகவே எதைச் சாதித்துள்ளது என்பதை நடுநிலையுடன் நோக்கவேண்டும். தோலின் முதுமை இருவகைப்படும். ஒன்று வயதினால் இயல்பாக வருவது. மற்றது ஞாயிற்றின் ஒளியினால் வருவது. ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் தோலின் உட்படையிலே கொலாஜன் என்னும் புரதநார்களைச் சிதைக்கின்றன. இருபத்தெட்டு ஆண்டுகள் லொறி ஓட்டிய அறுபத்தொன்பது வயதினர் ஒருவரின் முகப்படத்தை 2012 இல் அமெரிக்க மருத்துவ இதழொன்று வெளியிட்டது. யன்னற் கண்ணாடியை ஊடுருவிய கதிர்கள் தாக்கிய இடப்பக்கம் தடித்து, ஆழ்ந்து சுருங்கிக் காணப்பட, வலப்பக்கமோ பல ஆண்டுகள் இளையதாகத் தோன்றியது. ஒரே மனிதர், ஒரே வயது. ஆயினும் முகத்தின் இரு பாதிகளும் இரு வேறு வரலாறுகளைக் கூறின. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தைச் சேர்ந்த நம்பூர் என்ற ஊரில் நடத்தப்பெற்று 2013 இல் வெளியான ஆய்வொன்று, நாள்தோறும் வெயிற்காப்புக் களிம்பு பூசியோரின் தோல் முதுமை, விரும்பியபோது மட்டும் பூசியோரினதைவிட 24 சதவீதம் குறைவாக இருந்ததெனக் காட்டிற்று. திரெற்றினோயின் என்னும் உயிர்ச்சத்து 'ஏ' வழிவந்த மருந்து, வெயிலினாற் பழுதுற்ற தோலை ஓரளவு சீர்செய்யும் என்பதும் நிறுவப்பட்டதே.

பொற்றுலினம் நஞ்சின் கதை இன்னும் வியப்புக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, ஜேர்மனியில் மருத்துவராகவும் கவிஞராகவும் விளங்கிய யஸ்ரினஸ் கேர்ணர் என்பார், கெட்டுப்போன இறைச்சியை உண்டு மாண்டவர்களைப் பற்றி ஆராய்ந்து அந்நஞ்சின் இயல்பை விவரித்தார். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் அதன் ஆற்றலைப் பயன்படுத்தி மாறுகண்ணுக்கும் இமைத்தசை இழுப்புக்கும் சிகிச்சையளிக்க அமெரிக்க அரசு 1989 இல் அனுமதி வழங்கியது. அத்தகைய சிகிச்சை பெற்றோரின் புருவங்களுக்கு இடைப்பட்ட கோடுகள் மறைவதைக் கனடாவின் வன்கூவர் நகரத்து வைத்தியத் தம்பதியினரான கருதேர்ஸ் இணையர் கண்டு 1992 இல் எழுதினர். 2002 இல் அக்கோடுகளை மறைப்பதற்கென்றே அது அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று நான்கு மாதங்களில் அதன் பயன் தேய்ந்துவிடும்; எனவே மீண்டும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவேண்டும். நோயாளியின் துன்பத்தைத் தீர்க்கப் பிறந்த மருந்து, நோயற்றவரை ஆயுட்கால வாடிக்கையாளராக்கும் பண்டமாக வளர்ந்தது இவ்வாறே.

இவையெல்லாம் பொய்யல்ல. ஆயின், மெய்யான இச்சிறு சாதனைகளின் நிழலிலேதான் பெரும் பொய்கள் வளர்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் 1938 ஆம் ஆண்டுச் சட்டம் மருந்தையும் அழகுசாதனத்தையும் பிரித்துரைக்கின்றது. உடலின் அமைப்பையோ தொழிற்பாட்டையோ மாற்றுவதற்கென விற்கப்படுவது மருந்து. தோற்றத்தை மட்டும் மாற்றுவதற்கென விற்கப்படுவது அழகுசாதனம். மருந்தாயின் அதன் பயனையும் பாதுகாப்பையும் விற்பனைக்கு முன்னரே நிறுவவேண்டும். அழகுசாதனத்துக்கு அத்தேவை இல்லை. ஆகவேதான் களிம்புப் புட்டிகளிலே 'சுருக்கங்களின் தோற்றத்தைக் குறைக்கும்' என்று எழுதப்படுகின்றது. 'சுருக்கங்களைக் குறைக்கும்' என்றால் சட்டம் வினாவும். 'தோற்றம்' என்ற ஒரு சொல் நுழைந்தவுடன் வினா நின்றுவிடுகின்றது. சட்டத்தின் முன் 'தோற்றம் மட்டுமே' என்று கூறும் வாய், விளம்பரத்திலே 'உங்கள் உயிரணுக்களே புத்துயிர் பெறும்' என்ற நம்பிக்கையை ஊட்டுகின்றது. மரபணுக்களைத் தூண்டி ஏழே நாட்களில் இளமைத் தோற்றம் தரும் என்ற பொருள்படச் செய்யப்பட்ட விளம்பரங்கள் தொடர்பாக அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு லொறியல் நிறுவனத்தின்மீது குற்றஞ்சாட்டியதும், தகுந்த ஆதாரமின்றி அவ்வாறு கூறுவதில்லை என்ற இணக்கத்துடன் அவ்விவகாரம் 2014 இல் முடிவுற்றதும் ஈண்டு நினைக்கத்தக்கன. 2011 இல் பிரித்தானிய விளம்பர ஒழுங்குமன்றம், நடிகை ஜூலியா றொபேட்ஸ் தோன்றிய விளம்பரமொன்றை, படத்தில் அளவுமீறிய திருத்தம் செய்யப்படவில்லை என்பது நிறுவப்படாமையால் தடைசெய்தது. உலகம் போற்றும் அழகியின் முகமும் உள்ளபடியே காட்டத்தக்கதன்று எனின், ஏனையோரின் முகங்களுக்கு என்ன கதி? உடலின் வடிவம் திருத்தப்பட்ட விளம்பரப் படங்களிலே அவ்வாறு திருத்தப்பட்டதைக் குறிப்பிடவேண்டும் என்ற சட்டத்தை நோர்வே 2022 இல் நடைமுறைக்குக் கொணர்ந்தது இவ்வினாவின் கனதியை உணர்ந்தேயாம்.

இனி, இவ்வாணிகத்தின் மறுபக்கமொன்றையும் காணல் வேண்டும். திரெற்றினோயினின் பயன்களை உலகறியச் செய்தவர் அல்பேட் கிளிக்மன் என்ற தோல்மருத்துவப் பேராசிரியர். அழகுசாதனத்தையும் மருந்தையும் இணைக்கும் புதிய சொல்லொன்றை வழக்கிற்குக் கொணர்ந்தவரும் அவரே. அவர் 1951 முதல் 1974 வரை பிலடெல்பியா நகரின் ஹோம்ஸ்பேர்க் சிறைச்சாலையிலே கைதிகளின் தோல்மீது பரிசோதனைகளை நடத்தினார். அக்கைதிகளுட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பலர் விசாரணை முடியாது காத்திருந்தவர். சொற்பப் பணத்துக்காகத் தம் முதுகையும் கைகளையும் கொடுத்த அவர்கள், தம்மீது பூசப்படுவது யாதென முறையாக அறிவிக்கப்படவில்லை. அவர் பணியாற்றிய பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் 2021 இலும், பிலடெல்பியா நகராட்சி 2022 இலும் இதற்காக மன்னிப்புக் கோரின. ஒருவரது தோல் வடுப்பட, மற்றொருவரது தோல் மெருகேறுவதெனின், அம்மெருகின் விலையைக் கடையில் ஒட்டப்பட்ட விலைச்சீட்டு முழுமையாகச் சொல்வதில்லை.

இவ்விடத்து ஒரு வலிய தடை எழும். 'உடல் என்னுடையது, பணமும் என்னுடையது. ஏமாற்றப்படாமல், எல்லாம் அறிந்தே நான் என் முகத்தைத் திருத்திக்கொண்டால் பிறர்க்கு யாது இழப்பு?' என்று ஒருவர் வினவலாம். தனிமனித சுதந்திரத்தின்பாற்பட்ட இவ்வாதத்தை அலட்சியப்படுத்தலாகாது. பல்லைச் சீர்செய்கின்றோம், கண்ணுக்குக் கண்ணாடி அணிகின்றோம், தலைக்கு எண்ணெய் தேய்க்கின்றோம், பூச்சூடுகின்றோம். தன்னை அழகுபடுத்துதல் மனிதன் தொன்றுதொட்டுச் செய்துவரும் கலை. இவற்றையெல்லாம் ஏற்று, முகச்சுருக்கத்தைப் போக்குவதை மட்டும் பழிப்பது எங்ஙனம்?

இத்தடைக்கான விடை, செயலின் தன்மையிலன்றி அதன் கூட்டு விளைவிலே தங்கியுள்ளது. கோயில் வீதியிலே கூத்துப் பார்க்கும் சனக்கூட்டத்தை எண்ணுக. முன்வரிசையினர் நன்றாகப் பார்க்க எழுந்து நிற்பின், அடுத்த வரிசையினரும் எழவேண்டும். ஈற்றில் எல்லோரும் நிற்பர். இருந்தபோது கண்டதிலும் மிகுதியாக எவரும் காணார். கால் வலியே மிச்சமாகும். நிற்கவியலாத கிழவியோ கூத்தையே இழந்துவிடுவாள். இளமைத் தோற்றமும் இத்தகையது. ஐம்பது வயதினர் நாற்பதாகத் தோன்றத் தலைப்பட்டால், நாற்பதே ஐம்பதின் அளவுகோலாகின்றது. அந்நிலையில் ஐம்பதாகவே தோன்றுபவர் அறுபதாக மதிக்கப்படுகின்றார். எனவே, ஒருவரின் தெரிவு பிறரின் தெரிவைச் சுருக்குகின்றது. வேலைக்கு ஆளெடுப்போரும், வாடிக்கையாளரை வரவேற்கப் பெண்களை அமர்த்துவோரும் இவ்வளவுகோலைக் கையிலேந்தும்போது, 'விருப்பம்' என்று நாம் அழைத்தது கட்டாயத்தின் மறுபெயராகிவிடுகின்றது.

இச்சுமை எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை என்பதும் கருதற்பாலது. ஆணின் நரை அனுபவத்தின் அறிகுறியாகவும், பெண்ணின் நரை இழப்பின் அறிகுறியாகவும் கொள்ளப்படும் இரட்டை அளவுகோலை அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்ராக் 1972 இல் எழுதிய கட்டுரையிலே வெளிப்படுத்தினார். அதனோடு வர்க்க வேறுபாட்டையும் நாம் சேர்த்துக் கொள்ளவேண்டும். முன்னர்க் கூறிய லொறிச் சாரதியின் முகம் ஓர் உண்மையைப் புகட்டுகின்றது: தோல் வயதை மட்டுமன்றித் தொழிலையும் பதிவுசெய்கின்றது. மலையகத்திலே கொழுந்து பறிக்கும் பெண்ணும், வன்னியிலே வயலில் இறங்கும் கமக்காரனும், கரைவலை இழுக்கும் மீனவனும் நிழலிலே அமர்ந்து பணியாற்றுவோரைவிட விரைவில் முகம் சுருங்குகின்றனர். திரையைக் குற்றமாக்கும் சமுதாயம், தன்னை ஊட்டி வளர்த்த உழைப்பின் தழும்புகளையே குற்றமாக்குகின்றது.

இயல்பைக் குறையாக்கி, அக்குறைக்கு மருந்து விற்கும் இம்முறை நமக்கு அறிமுகமற்றதுமன்று. 1975 இல் இந்தியச் சந்தைக்கு வந்து, நம் நாட்டிலும் பரவிய 'பெயார் அன்ட் லவ்லி' என்னும் வெண்மைக் களிம்பு இதற்குத் தக்க சான்று. 2020 இல் அதன் பெயர் மாற்றப்பட்டது. ஆயினும் கருமை ஒரு குறையென்ற எண்ணம் பெயர்ப்பலகையோடு கழற்றப்பட்டுவிடவில்லை. தோலின் கருநிறமியைத் தடுக்கப் பாதரசம் கலந்த களிம்புகள் பல நாடுகளில் விற்கப்பட்டு வந்தமையும், அப்பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்குவதும், மினமாற்றா உடன்படிக்கையின் நாடுகள் 2025 ஆம் ஆண்டுடன் பாதரசம் சேர்ந்த எல்லா அழகுசாதனங்களையும் ஒழிப்பதென 2023 இல் முடிவுசெய்தமையும் யாவரும் அறியத்தக்கன. இன்று இவ்வாணிகம் சிறுவரையும் எட்டியுள்ளது. பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமியர், தம் தோலுக்குத் தேவையற்றதும் தீங்கு செய்யக்கூடியதுமான முதுமைத்தடுப்புக் களிம்புகளை வாங்கத் தலைப்பட்டமையால், சுவீடனின் மருந்தகத் தொடரொன்று 2024 இல் பதினைந்து வயதுக்குட்பட்டோர்க்கு அவற்றை விற்பதற்கு வரையறை விதித்தது. முதுமையே வராதவர்க்கு முதுமையைப் பற்றிய அச்சம் வந்துவிட்டதெனின், விற்கப்படுவது களிம்பு மட்டுமா என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இவ்வளவும் கூறியபின், 'உடல் நிலையற்றது; அதனைப் பேணுவது பேதைமை என்று நம் முன்னோர் கூறினரே; அதனைப் பின்பற்றினாற் போதாதா?' என்று சிலர் கருதக்கூடும். இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். மணிமேகலைக் காப்பியத்திலே, காயசண்டிகை வடிவிலிருக்கும் மணிமேகலை, தன்னை நாடிவந்த உதயகுமாரனுக்கு நரைமூதாட்டி ஒருத்தியைக் காட்டி, ஒருகாலத்தில் அழகெனப் புகழப்பட்ட உறுப்பு ஒவ்வொன்றும் எவ்வாறு திரிந்துள்ளதென விவரிக்கின்றாள். நாலடியாரிலே இளமை நிலையாமைக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. இவற்றின் நோக்கம் உயர்ந்தது, பற்றை அறுப்பது. ஆனால், அம்மூதாட்டியின் பக்கத்திலிருந்து நோக்கினால் வேறொன்று புலனாகும். அவளது முதுமை பிறனொருவனுக்குப் பாடம் புகட்டும் அருவருப்பான பொருளாகவே அங்கு நிற்கின்றது. அவள் வாய்திறந்து ஒரு சொல்லும் சொல்வதில்லை. முதிய உடல் அழகற்றது என்பதிலே துறவியும் களிம்பு விற்பவனும் ஒருமித்த கருத்தினர். 'ஆகவே துறந்துவிடு' என்கிறார் ஒருவர். 'ஆகவே வாங்கிவிடு' என்கிறார் மற்றவர். முடிவுகள் எதிரெதிரானவை, தொடக்கம் ஒன்றே.

இத்தொடக்கத்தையே ஏற்காத வேறொரு மரபும் தமிழிலே உண்டு. மணம்பேச வந்தோரிடமிருந்து தப்புவதற்காக இளமையிலேயே முதுமையை வேண்டிப் பெற்றாள் ஔவை என்பது மக்களிடையே வழங்கும் கதை. அக்கதையின்படி முதுமை அவளுக்கு இழப்பன்று. வழிநடக்கவும் மன்னரோடு சரிநிகராக உரையாடவும் உரிமை தந்த வாழ்வு. புறநானூற்றின் 191 ஆம் பாடலிலே பிசிராந்தையார், ஆண்டுகள் பல சென்றும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணங் கூறுகின்றார். அவர் எந்த மூலிகையையும் குறிப்பிடவில்லை. நற்குணம் வாய்ந்த மனைவி, அறிவு நிறைந்த மக்கள், தம் கருத்தை ஒத்த ஏவலாளர், தீது செய்யாது காக்கும் வேந்தன், தம் ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோர் பலர் ஆகிய இவையே காரணம் என்கின்றார். நரை வருவதும் வராததும் இக்காரணங்களால் மாத்திரம் அமைவதன்று என்று இன்றைய உடற்கூற்றியல் கூறும். எனினும், முதுமை ஒருவரைத் தளர்த்துவதும் தளர்த்தாததும் அவரைச் சூழ்ந்த வாழ்வைப் பொறுத்தது என்னும் அவரது நோக்கு இன்றும் வலிமை குன்றாதது.

முதுமை ஒரு நோயா என்ற விவாதத்திலும் இந்நோக்கு துணைசெய்யும். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பகுப்பின் பதினோராம் திருத்தத்திலே 'முதுமை' என்ற தலைப்பைச் சேர்க்க முனைந்து, எதிர்ப்புகள் எழுந்தமையால், 2022 இல் அத்திருத்தம் நடைமுறைக்கு வருமுன் அதனைக் கைவிட்டு, வயதோடு தொடர்புற்ற ஆற்றற்குறைவு என்ற பொருள்படும் தொடரை அமைத்தது. இது வெறும் சொற்போர் அன்று. கண்புரை, மூட்டுவலி, மறதிநோய் ஆகியவற்றை நீக்க முயல்வது மருத்துவத்தின் கடன். அதற்கு எல்லையிடுவார் எவருமிலர். ஆனால் முதுமையே நோய் எனப்படின், முதியோர் அனைவரும் நோயாளராவர். அவரை ஒதுக்குவோரின் தவறு மறைந்து, அவரது உடலே தவறுடையதாகிவிடும்.

யயாதியின் கதைக்கு மீள்வோம். மைந்தருள் நால்வர் மறுக்க, இளையவனாகிய பூரு தன் இளமையை ஈந்து தந்தையின் மூப்பைத் தாங்கினான். ஆயிரம் ஆண்டுகள் இன்பந் துய்த்தபின்னரே, துய்ப்பினால் வேட்கை தணியாது என யயாதி உணர்ந்து இளமையைத் திருப்பிக் கொடுத்தான். 2023 இல் அமெரிக்கச் செல்வர் பிறயன் ஜோன்சன், பதினேழு வயதான தம் மைந்தனின் குருதித் திரவவிழையத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். தமக்கு அதனாற் பயனேதும் தென்படவில்லை எனப் பின்னர் அவரே அறிவித்தார். இளையோரின் திரவவிழையத்தை இந்நோக்குடன் ஏற்றுவதால் நிறுவப்பட்ட நன்மை எதுவுமில்லை என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2019 இலேயே எச்சரித்திருந்தது. இரு கதைகளுக்கும் இடையிலான ஒற்றுமையைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் வியாசர் எழுப்பிய வினா நகைப்புக்குரியதன்று: ஒருவர் நீட்டிக்கும் இளமையின் விலையை யார் கொடுக்கின்றார்? ஹோம்ஸ்பேர்க் கைதிகள் கொடுத்தனர்; அச்சத்தோடு கண்ணாடி முன் நிற்கும் சிறுமியர் கொடுக்கின்றனர்; ஊசிக்குப் பணமின்றி வேலையிழக்கும் பெண்கள் கொடுக்கின்றனர். பூரு தானே விரும்பிக் கொடுத்தான். இவர்களோ கேட்கப்படாமலே கொடுப்பவர்கள்.

ஆகவே, இத்துறையின் எந்தப் பண்டத்தையும் மூன்று வினாக்களால் அளந்து பார்க்கலாம் எனத் தோன்றுகின்றது. முதலாவது, அது உண்மை சொல்கின்றதா? இரண்டாவது, அது முன்பே இருந்த ஒரு துன்பத்தைத் தீர்க்கின்றதா, அன்றித் தான் தீர்ப்பதற்கென ஒரு துன்பத்தை முதலில் உண்டாக்குகின்றதா? மூன்றாவது, அதன் சுமையைப் பிறரொருவர் அறியாது தாங்குகின்றாரா? வெயிற்காப்புக் களிம்பும் தீக்காய வடுவைச் சீர்செய்யும் சிகிச்சையும் இவ்வினாக்களுக்கு முகங்கொடுத்து நிற்கும். இருபது வயதினரிடம் 'இன்றே தொடங்காவிடின் நாளை காலங்கடந்துவிடும்' என்று கூறி விற்கப்படும் ஊசி நில்லாது. மயிருக்குச் சாயமிட்டு நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் நடுவயதுப் பெண்ணை நாம் பழித்தல் தகாது. அவள் சாயமிடவேண்டிய நிலையை ஆக்கியோரே விடையளிக்கக் கடமைப்பட்டவர்கள்.

தென்னாசியாவிலே விரைந்து முதுமையடைந்துவரும் சமுதாயங்களுள் நமதும் ஒன்று. பிள்ளைகள் கடல்கடந்து வாழ, பெற்றோர் தனித்து முதுமையைத் தாங்கும் இல்லங்கள் நம்மிடையே பலவுள. இந்நிலையில், முதுமை மறைக்கப்படவேண்டியதென்று கற்கும் இளைஞன், நாளை தன் பெற்றோரின் முதுமையையும் கண்ணுக்கு மறைவான இடத்திலே வைக்கக் கற்றுக்கொள்வான். பல்கலைக்கழகத்திலே பயிலும் நாம் இவ்வாணிகத்தின் நாளைய வாடிக்கையாளர் மட்டுமல்லர். நாளைய வைத்தியர்களும், சட்டவறிஞரும், ஆசிரியரும், வேலைக்கு ஆளெடுப்போரும் நாமே. பிசிராந்தையார் எண்ணிக் காட்டியவற்றுள் எதுவும் புட்டியில் அடைத்து விற்கத்தக்கதன்று. அன்புடைய இல்லம், ஒத்துழைக்கும் சுற்றம், நேர்மையான ஆட்சி, கற்றோர் நிறைந்த ஊர் ஆகியவற்றை ஒருவர் தமக்கென வாங்கிக்கொள்ளவும் இயலாது. பலர் கூடியே ஆக்கவேண்டும். அவற்றை ஆக்கும் பொறுப்பிலிருந்து வழுவிவிட்டு, நரைத்தவரைக் கண்ணாடி முன் தனியே நிறுத்திக் குற்றஞ்சாட்டுவதே இதில் உள்ள அநீதி.